பிரஷர் மாத்திரை போன வழி

பிராசோசின் மனநோய்க்காகப் பிறந்த மருந்து இல்லை. இரத்தக் கொதிப்பைக் குறைக்க ஃபைசர் நிறுவனம் உருவாக்கிய மாத்திரை. 1970களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. பரபரப்பில் உடம்பு சுரக்கும் நார்அட்ரினலின் வந்து பற்றும் ஆல்ஃபா-1 ஏற்பிகளை இது மறிக்கும். இறுகிய இரத்தக்குழாய் தளரும், பிரஷர் இறங்கும். முதல் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தவர்கள் மயங்கி விழுந்ததுண்டு என்பதால், படுக்கப் போகும்போது போடச் சொன்னார்கள். பிறகு புதிய மருந்துகள் வந்தன. பிரஷருக்கு இதை எழுதித்தரும் மருத்துவர்கள் குறைந்தார்கள்.

அதற்குள் மகாராஷ்டிரத்தில் அதற்கு வேறு வேலை கிடைத்திருந்தது. மகாட் பகுதிக் கிராமங்களில் செந்தேள் கொட்டிய குழந்தைகள் நுரையீரலில் நீர் கோத்து இறந்துகொண்டிருந்தார்கள். அங்கே பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் அந்தக் குழந்தைகளின் பக்கத்திலேயே இருந்து கவனித்தார். தேளின் விஷம் நார்அட்ரினலின் போன்ற உடம்பின் சொந்தச் சுரப்புகளையே வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. அதைத் தாங்காமல்தான் இதயம் துவள்கிறது. பிராசோசினைக் கொடுத்துப் பார்த்தார், பிள்ளைகள் பிழைத்தார்கள். 1986இல் லான்செட் மருத்துவ இதழ் அவருடைய அனுபவத்தை வெளியிட்டது.

கொட்டிய தேளே இல்லாமல், இரவுதோறும் அந்த வெள்ளம் பாயும் உடம்புகளும் உண்டு. வியட்நாம் போர் 1975இல் முடிந்தது. போரின் மனவடுவை அமெரிக்க உளமருத்துவம் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றியது 1980இல். ஊர் திரும்பிய வீரர்களுக்கோ இருபது ஆண்டு கடந்தும் போர் முடியவில்லை. அவர்களுக்கு வந்ததைக் கனவு என்று சொல்வதே போதாது. நடந்தது நடந்தபடியே திரும்ப நடக்கும். கை கால்களை உதறி, அலறி, வியர்வையில் நனைந்து எழுவார்கள். அடிபடுவோமோ என்று மனைவி வேறு அறையில் படுப்பாள். தூங்கப் பயந்து விழித்திருப்பவர்கள், தூங்குவதற்காகவே குடிப்பவர்கள் எல்லாம் உண்டு. தூக்கம் கெட்ட உடம்பில் மனச்சோர்வு இன்னும் ஆழமாக இறங்கும். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சியாட்டிலில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இருந்தவர் உளமருத்துவர் மரே ராஸ்கிண்ட். அங்கே வயதேறிய வீரர்களுக்கு புரோஸ்டேட் வீக்கத்தால் வரும் சிறுநீர்த் தொல்லைக்காக பிராசோசின் கொடுக்கப்பட்டது. அவர்களில் சிலருக்குப் போர்க் கனவுகள் அடங்கின. இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. சிறுநீருக்காக மாத்திரை வாங்கியவருக்குத் தன் இரவைப் பற்றிச் சொல்ல ஓர் இடம் இருந்திருக்கிறது. அதைக் கேட்டுப் பொருட்படுத்தவும் ஒருவர் இருந்திருக்கிறார். அந்தப் பேச்சு நடக்காமல் போயிருந்தால் மாத்திரை புரோஸ்டேட்டோடு நின்றிருக்கும். மூளைக்குள் நுழையக்கூடிய மருந்து என்பதால், தூக்கத்தில் பொங்கும் நார்அட்ரினலினை அது அங்கேயே மறிக்கிறது என்று ராஸ்கிண்ட் கருதினார். 2000இல் நான்கு பேரின் அனுபவம் வெளியானது. 2003இல் பத்து வீரர்களிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனை. 2013இல் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய 67 படையினர். எல்லாவற்றிலும் நல்ல பலன்.

2018இல் அடி விழுந்தது. 13 மருத்துவமனைகளில் 304 வீரர்களிடம் நடந்த சோதனை. வெற்று மாத்திரையை விட பிராசோசின் மேலானதாகத் தெரியவில்லை. தன் பல வருட நம்பிக்கைக்கு எதிரான அந்த முடிவை முதல் ஆசிரியராக இருந்து அச்சிட்டவர் ராஸ்கிண்டேதான். அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். மிக மோசமான நிலையில் இருந்தவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை என்பது ஒரு விளக்கம். 67 படையினரின் தரவை மறுபடி பார்த்தபோது, தொடக்கத்தில் இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்கே மருந்து நன்றாகக் கேட்டது தெரிந்தது. எல்லோருடைய கெட்ட கனவும் ஒரே ஊற்றிலிருந்து வருவதில்லை போலும்.

இன்றும் பல மருத்துவர்கள் போர்க் கனவுகளுக்கு பிராசோசினை ஒரு மில்லிகிராமில் தொடங்கி, மெல்ல மெல்ல அளவைக் கூட்டுகிறார்கள். அதனிடம் கேட்கக்கூடியது அலறலில்லாத ஓர் இரவு. கூட இருந்தவன் செத்து, தான் மட்டும் பிழைத்த குற்ற உணர்வு காலையில் அப்படியேதான் இருக்கும். அதற்கு, நடந்ததைப் பயிற்சி பெற்றவரிடம் கொஞ்சங்கொஞ்சமாகச் சொல்லும் சிகிச்சை வேண்டும். நன்றாகத் தூங்கி எழுந்த மனிதரால்தான் அங்கே போய் உட்கார்ந்து வாய் திறக்க முடிகிறது.