ஓரியின் மலையும் கபிலரின் பாறையும்

கொல்லிமலைக்குப் போய்வராத குடும்பம் நம் குடியிருப்பில் குறைவு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், திரும்பும்போது ஒரு பை மிளகு. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன் நின்று படமும் எடுத்திருப்போம். இந்த முறை அங்கே என் பேத்தி, “இவர் எப்படித் தாத்தா செத்துப்போனார்?” என்று கேட்டாள். கடையெழு வள்ளல்களில் ஒருவர் என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நற்றிணையைப் புரட்டினேன். 320ஆம் பாட்டு, கபிலர் பாடியது. போர்ப்பாட்டுகூட அல்ல, ஊடல் பாட்டு. ஓர் இளம்பெண் தெருவில் நடந்துபோனாளாம், ஊரே இரைந்ததாம். எதைப் போல? ஓரியைக் கொன்றுவிட்டுக் காரி பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த இரைச்சலைப் போல. அவ்வளவுதான். வென்ற கொல்லியைக் காரி சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று அகநானூறு சொல்கிறது.

இந்தக் காரி, திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி. அவனைப் புகழ்ந்து பாடியவரும் இதே கபிலர்தான்! கொன்றவனின் புலவரா என்று முதலில் கசந்தது. ஆனால் தம் உயிர் நண்பன் பாரியையும் அவன் பறம்புமலையையும் மூவேந்தரிடம் பறிகொடுத்தவர் அவர். தோற்ற ஊரின் இரைச்சல் அவருக்கு வெறும் உவமையாக இருந்திருக்காது.

மீதிக் கதையையும் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று அடுத்த விடுமுறையில் திருக்கோவிலூர் போனோம். கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அருகே, தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பெரும் பாறை, அதன் உச்சியில் சின்னஞ்சிறு கோயில். இதுதான் கபிலர் குன்று. சமாதி என்றதும் பளிங்கும் மாலையும் நினைவுக்கு வரும். இங்கே பாறையே சமாதி. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு. பாறையின் பெயரையும் ‘கபிலக்கல்’ என்றே சொல்கிறது. புறநானூற்றுக் குறிப்போ அவர் வடக்கிருந்தார், அதாவது உண்ணாநோன்பு இருந்தார் என்கிறது. எப்படியானாலும், பாரி போனபின் அவர் வாழ விரும்பவில்லை.

சங்கப் புலவருக்குச் சோழர் கல்வெட்டில் என்ன வேலை? இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். தாய்வீட்டுப் பெருமையைப் பாடும்போது அந்த வீட்டுப் புலவரையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

போக விரும்புகிறவர்கள் கோடையில் போங்கள். பெண்ணையில் வெள்ளம் வந்துவிட்டால் கரையில் நின்றுதான் பார்க்க முடியும்.