பத்தாயிரத்தில் ஒன்று

1/
இன்னிக்கு மருந்து மாத்திரை பத்தி இல்ல. ஒரு விளையாட்டோட வரலாறு. ஆனா கடைசியில நம்ம உடம்புக்கும் வந்து நிக்கும். முழுசா படிங்க.

2/
கோ. சீனாவில் பிறந்த பழமையான பலகை ஆட்டம். நெடுக்க 19 கோடு, குறுக்க 19 கோடு, மொத்தம் 361 புள்ளிகள். கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து அதிக இடத்தை வளைப்பவருக்கு வெற்றி.

3/
1997-ல் டீப் ப்ளூ கணினி செஸ் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. எப்படி? நொடிக்கு சுமார் 20 கோடி நிலைகளை அலசும் வேகம். கோ ஆட்டத்தில் இந்தப் பருப்பு வேகல. ஒவ்வொரு முறையும் சராசரியாக 250 வழிகள் இருக்கே!

4/
டீப்மைண்ட் ஆட்கள் வேற வழி பிடிச்சாங்க. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களில் இருந்து சுமார் 3 கோடி நிலைகளை ஆல்ஃபாகோவுக்குக் காட்டினார்கள். "அடுத்து எங்கே வைத்திருப்பார்?" இதுதான் கேள்வி. 57% சரியாகச் சொன்னது. அதுக்கு முன்னாடி வரை அதிகபட்சம் 44% தான்.

எக்ஸ்ரே பார்த்ததும் அனுபவ டாக்டருக்கு "இது நிமோனியா"ன்னு தோணுதே, கிட்டத்தட்ட அது மாதிரி. பிறகு அது தன்னோடேயே லட்சக்கணக்கில் ஆடிப் பழகியது.

5/
2016 மார்ச், சியோல். எதிரே 18 உலகப் பட்டங்கள் வென்ற லீ செடோல். இரண்டாவது ஆட்டத்தின் 37-வது காயை இயந்திரம் வைத்த இடத்தைப் பார்த்து, வர்ணனையாளர்களே தப்போன்னு நினைச்சாங்க.

மனிதர் ஒருவர் அங்கே வைக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. இது அந்த இயந்திரமே போட்ட கணக்கு! ஆனாலும் முன்னே பல நகர்வுகளை அலசிப் பார்த்து, அங்கேயே வைத்தது. ஜெயித்தது.

6/
மூன்று ஆட்டங்களும் போச்சு. நான்காவதில், 78-வது காயை லீ வைத்த இடம் இருக்கே... அதற்கும் இயந்திரம் கொடுத்திருந்த வாய்ப்பு கிட்டத்தட்ட அதே பத்தாயிரத்தில் ஒன்றுதான். அதனால் அந்தப் பக்கம் ஆழமாக யோசிக்கவே இல்லை. தடுமாறியது, தோற்றது. கடைசியில் தொடர் 4-1 என இயந்திரத்துக்கே.

7/
நாங்களும் அப்படித்தாங்க. காய்ச்சல், உடம்பு வலின்னா "வைரல்"னு மனசு முந்திச் சொல்லும். பெரும்பாலும் சரியாவே இருக்கும். ஆனா அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலியே இல்லாத ஒரு கறுப்புப் பொருக்கு ஒளிஞ்சிருந்தா அது ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம். தேடினாத்தான் தெரியும். தெரிஞ்சா மாத்திரையில் தீரும், விட்டா உயிரையே எடுக்கலாம்.

8/
அதனால காய்ச்சல் நாலஞ்சு நாளாகியும் குறையலன்னா திரும்ப வாங்க. "இன்னொரு தடவை பாருங்க டாக்டர்"னு தயங்காம கேளுங்க. அந்தப் பத்தாயிரத்தில் ஒருத்தர் நீங்களா இருக்கலாம்.