நியமகிரியும் நலம் என்ற சொல்லும்

"நலமா?" என்று யாராவது கேட்டால் உடம்பைச் சொல்வோம், பிள்ளைகள் படிப்பைச் சொல்வோம். நாம் பிழைக்க வந்த இதே ஒடிசாவின் ராயகடா, களஹாண்டி மாவட்டங்களில் வாழும் டோங்கிரியா கோந்தர்கள் அந்தக் கணக்கில் மலையையும் சேர்ப்பாங்க. அவர்கள் பேசும் குவி நம் திராவிடக் குடும்பத்து மொழி. கண்ணுக்குக் 'கன்னு', மரத்துக்கு 'ம்ரானு'. தூரத்துச் சொந்தம்னே வச்சுக்கலாம்.

அவர்களுடைய நியமகிரிக்கு அதிபதி நியமராஜா. உச்சிக் காட்டில் கோடரி வைக்கக் கூடாது; சரிவுகளில்தான் கேழ்வரகும் சாமையும் மஞ்சளும் அன்னாசியும். ஒருவருக்கு நோய் வந்தால், 'பேஜுனி' எனப்படும் பூசாரிப் பெண் எந்தத் தெய்வத்தோடு உறவு கெட்டது என்று பார்க்கிறாள். மூடநம்பிக்கை என்று தள்ளுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்சியிலுள்ள பாக்சைட் படிவம் மழைநீரை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்கு விடுகிறது. வம்சதாரா ஆறு பிறப்பதும் இங்கேதான். நிலத்தை வைத்தே தெய்வத்தை வகுத்த தொல்காப்பிய மரபில் வந்த நமக்கு இது புரியாத சங்கதி அல்ல.

அந்த உச்சியில் சுமார் 7 கோடி டன் பாக்சைட் இருக்கிறது. வேதாந்தாவின் லாஞ்சிகர் ஆலைக்காக அதை வெட்டும் திட்டம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 18.4.2013 அன்று தீர்ப்பு வந்தது. வழக்கில் பேசப்பட்ட ஹுண்டல்ஜாலி வழிபாட்டிடம் சுரங்க இடத்திலிருந்து ஏறக்குறைய 10 கி.மீ. கோயில் அங்கே, சுரங்கம் இங்கே, அப்புறம் என்ன தொந்தரவு என்பது ஒரு தரப்பின் வாதம். அந்த ஆண்டு ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 19 வரை, நீதிபதி முன்னிலையில் 12 ஊர்கள் கூடின. சாமி ஓரிடத்தில் இல்லை, மலை முழுக்க இருக்கிறார் என்றார்கள். பன்னிரண்டு ஊரும் மறுத்துவிட்டன. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகமும் அனுமதி மறுத்தது.

எனக்கு உறுத்துவது வேறு. நம்மில் பலர் இங்கே வந்ததே உருக்காலை, அலுமினிய ஆலை வேலைக்குத்தான். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், ஊரில் வீடு கட்டினோம். கோடை விடுமுறை வந்தால் ரயிலேறிக் குலசாமியையும் ஊர்க்குளத்தையும் தேடிப் போகிற நாம், இடத்தைப் பிரிந்த நலம் எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களா?

லாஞ்சிகர் ஆலை வேறு இடத்து பாக்சைட்டில் ஓடுகிறது. 2023-இல் பக்கத்துச் சிஜிமாலி மலை ஏலத்தில் அதே நிறுவனத்துக்குப் போனது. அந்த மலையடிவாரத்திலும் கோந்தர் ஊர்கள் இருக்கின்றன.