தொலைவிலிருந்து வருவோர் பாலம்

பிறந்த ஊரைவிட்டு வேற்றிடத்தில் குடியேறி வாழ்வோர் அங்கே தம் நினைவாக எதை விட்டுச் செல்கிறார்கள்? பிற மாநிலங்களில் வாழும் நம் எல்லோருக்கும் உரிய இக்கேள்விக்கு, மத்திய வியட்நாமின் ஹோய் ஆன் நகரிலுள்ள மரப்பாலம் ஒன்று விடை கூறுகிறது.

ஹோய் ஆன், தூ போன் ஆற்றங்கரையில் அமைந்த பழைய துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீன, ஜப்பானிய வணிகர்கள் அங்கே தனித்தனிக் குடியிருப்புக்கள் அமைத்து வாழலாயினர். அவற்றைப் பிரித்த சிற்றோடையின் மீது, 1593-ஆம் ஆண்டளவில் ஜப்பானியர் பாலம் ஒன்றைக் கட்டத் தொடங்கினர் என்பது மரபு. அதன் நீளம் சுமார் 18 மீட்டர்தான். மேலே ஓடு வேய்ந்த கூரை. அது மழையினின்றும் வெயிலினின்றும் மரத்தைக் காப்பதோடு, நடப்போருக்கு நிழலும் தருகிறது. இரு முனைகளிலும் குரங்கு, நாய் உருவங்கள் உள்ளன. பக்கவாட்டில் ஒட்டியுள்ள சிறு கோயிலில், வெள்ளத்தையும் புயலையும் அடக்குபவராகக் கருதப்படும் வடதிசைத் தெய்வம் வழிபடப்படுகிறது.

இப்பாலத்தைப் பற்றி வழங்கும் கதையில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. பூமிக்கடியில் மாபெரும் பிராணி ஒன்று கிடக்கிறதாம். அதன் தலை இந்தியாவில், வால் ஜப்பானில், முதுகு ஹோய் ஆனில். அது புரண்டால் நிலம் நடுங்கும். ஆகவே அதன் முதுகில் ஊன்றிய வாளாகப் பாலத்தை அமைத்தார்களாம். ஆதிசேஷன் அசைந்தால் பூமி அதிரும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது.

1635-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு தன் மக்கள் கடல்கடந்து செல்வதையும், சென்றவர் திரும்புவதையும் தடை செய்தது. புதியவர் வரவு நின்றது. ஜப்பானியக் குடியிருப்பு மெல்ல மறைந்தது. பாலமோ மறையவில்லை. 1719-இல் அங்கு வந்த ஆட்சியாளர் நுயென் பூக் சூ, ‘தொலைவிலிருந்து வருவோர் பாலம்’ என்னும் பொருள்பட அதற்குப் பெயர் சூட்டினார். 1817-இல் பெரிய அளவில் திருப்பணி நடைபெற்றது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வண்டிகள் செல்வதற்காக வளைந்த நடைதளம் சமமாக்கப்பட்டது. 1986-இல் பழைய வளைவு மீண்டும் அமைக்கப்பட்டது. 1990-இல் அது தேசியச் சின்னமாயிற்று. 1999-இல் ஹோய் ஆன் பழைய நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

மரம் உளுத்துப்போகும், ஆண்டுதோறும் வரும் வெள்ளம் அடித்தளத்தை அரிக்கும். எனவே 2022 டிசம்பரில் மீண்டும் பழுதுபார்க்கும் பணி தொடங்கியது. ஜப்பானிய வல்லுநரும் ஆலோசனை வழங்கினர். இயன்றவரை பழைய மரங்களையே காத்து, சிதைந்தவற்றுக்கு ஈடாக மட்டும் புதியவை பொருத்தப்பட்டன. 2024 ஆகஸ்டில் பாலம் திறக்கப்பட்டபோது, ‘புத்தம் புதிதாகத் தெரிகிறதே, பழமை போயிற்றே’ என்று பலர் குறைப்பட்டனர். கோபுரங்களுக்குப் புதுவர்ணம் பூசும்போதெல்லாம் நம்மிடையேயும் இதே விவாதம் எழுவதுண்டு. பழைய மெருகு கண்ணுக்கு இனியதே. ஆயினும் தாங்கும் மரம் உளுத்தபின் மெருகு நிலைப்பது எங்ஙனம்? முந்தைய தலைமுறையினர் கைவைக்க அஞ்சியிருந்தால், குறைப்படுவதற்கே இன்று பாலம் இருந்திராது.

கட்டியவர்கள் வேற்றுநாட்டார். அவர்கள் சென்றபின் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் காத்தவர்கள் அவ்வூரில் வாழ்ந்தவர்கள். தமக்கு மட்டுமின்றி ஊரார் அனைவருக்கும் பயன்படும் ஒன்றை அவ்வணிகர்கள் அமைத்தமையே அதற்குக் காரணம் எனலாம். இன்று வியட்நாமின் 20,000 டாங் நோட்டை எடுத்துப் பார்த்தால், அதில் அச்சிடப்பட்டிருப்பது குடியேறியவர்கள் கட்டிய அந்தப் பாலமே.