மார்ஷ்மெல்லோவின் சுவை எங்கிருந்து வருகிறது?

மதுரையிலிருந்து தென்காசி போகும் குடும்பங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்காமல் கடப்பது அரிது. அடுத்த ஊரான ராஜபாளையத்தில் கடைக்குள் நுழைந்தால் பிள்ளைகள் கேட்பது மார்ஷ்மெல்லோ. இரண்டும் இனிப்புத்தான்; சுவை வரும் வழி வேறு.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவில் பசும்பாலும் சர்க்கரையும் மட்டுமே. ஏலக்காய்கூடக் கிடையாது. பால் சுண்டச் சுண்ட அதிலுள்ள புரதமும் பால் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. அந்த இளம்பழுப்பு நிறமும் காய்ந்த பாலின் மணமும் அதனால் வருபவை. இவ்வினையை 1912-ல் விளக்கியவர் மெயார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர். கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடித்துக் கசந்துவிடும். ஆக, அந்தச் சுவை அடுப்பிலேயே பிறக்கிறது.

மார்ஷ்மெல்லோ என்பது உண்மையில் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடியின் பெயர். யூனானி ஹகீம்கள் 'கத்மி' என்று இருமலுக்குக் கொடுப்பது இதைத்தான். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இதன் வேரின் வழவழப்பைச் சர்க்கரையோடு அடித்து மிட்டாய் செய்தார்கள். இன்றைய பாக்கெட்டில் வேர் இல்லை, பெயர்தான் மிச்சம். சர்க்கரைப் பாகு, குளுக்கோஸ் சிரப், ஜெலட்டின் ஆகியவற்றைக் காற்றேறும்படி அடிக்கிறார்கள். மணம் பெரும்பாலும் வெனிலா எசன்ஸ்.

ஜெலட்டினுக்குச் சுவையே இல்லை. மெத்தென்ற தன்மையை மட்டும் அது தருகிறது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான். பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்தே அது பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. தன்மை முற்றிலும் மாறிவிட்டதால் (இஸ்திஹாலா) கூடும் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. நாம் பேணுதலின் பக்கமே நிற்கிறோம். மாட்டினுடையது என்றாலும் முறைப்படி அறுக்கப்பட்டதா என்ற கேள்வி இருக்கிறது.

நம் நாட்டில் ஜெலட்டின் சேர்ந்த பாக்கெட்டில் பழுப்பு நிற அசைவக் குறி இருக்க வேண்டும். எந்தப் பிராணி என்பதை அக்குறி சொல்லாது. பச்சைக் குறியிட்ட மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்காது. அகர் அகர், கேராஜீனன் போன்றவை இருக்கும். இரண்டும் கடற்பாசியிலிருந்து வருபவை. ரமளானில் நோன்பு திறக்க நம் வீடுகளில் காய்ச்சுகிறோமே, அந்தக் கடற்பாசியின் இனம்தான்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பாக்கெட்டுகளில் இந்தியக் குறிகள் இருக்காது. பொருட்பட்டியலில் 'ஜெலட்டின்' அல்லது 441, 428 என்ற எண் இருந்து, நம்பகமான ஹலால் சான்று இல்லையென்றால் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.