அரசு மானியமும் நமது முதற்காசும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

ஆதரவற்றோரைத் தாங்குவது பொதுமக்களின் கடமையா, ஆட்சியாளரின் கடமையா? இருவருக்கும் உரியது என்பதே இஸ்லாமிய வரலாறு தரும் விடையாகும். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை, பெருமானார் (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி, மூலத்தை நிறுத்தி விளைச்சலை ஏழைகளுக்கு வழங்கும் வக்ஃபாக்கினார்கள். அவர்களே கலீஃபாவானபோது ‘தீவான்’ எனும் பதிவேட்டை நிறுவி, பைத்துல்மாலிலிருந்து ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கச் செய்தார்கள்.

நம் நாட்டில், 1854-ஆம் ஆண்டு சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறையை வகுத்தது. உள்ளூர் நிர்வாகம் செம்மையாக இருத்தல், சிறிதளவேனும் கட்டணம் பெறுதல், அரசின் ஆய்வுக்கு உட்படுதல் ஆகியவை அதன் நிபந்தனைகள். மக்கள் முயற்சி உள்ள இடத்திற்கே அரசின் பொருள் வரும் என்பது அன்றே விதியாயிற்று.

அவ்விதியை நமது சமுதாயத்திற்கு நேராகக் கொண்டுவந்தது, 2007-இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் தோற்றுவித்த முஸ்லிம் மகளிர் உதவும் சங்கமாகும். மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர். விதவைகள், கணவரால் கைவிடப்பட்டோர், ஆதரவற்ற முதியோர் ஆகிய சகோதரிகளுக்கு உதவுவதே நோக்கம். சங்கம் நன்கொடையாகத் திரட்டும் தொகைக்கு ஈடாக, ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை அரசு இணைமானியம் தந்தது. பின்னர் அது இருமடங்காக்கப்பட்டு, உச்சவரம்பும் 20 இலட்சமாயிற்று. அக்கணக்கில் நாம் தரும் 100 ரூபாய் 300 ரூபாயாகிறது. நாம் ஒன்றும் தராவிடில் அரசின் பங்கும் இல்லை!

2001 முதல் நோன்புக் கஞ்சிக்கு அரசு அரிசி வழங்குவதை நாம் அறிவோம். எனினும் பருப்பும் தேங்காயும் சமையற்கூலியும் ஜமாஅத்தின் பொறுப்பன்றோ? அரிசி மட்டும் கஞ்சியாவதில்லை.

அரசு மானியத்தையே முழுதும் நம்பியிருத்தலும் தகாது. 1989-இல் மத்திய அரசு நிறுவிய மௌலானா ஆஸாத் கல்வி அறக்கட்டளை, பல்லாண்டுகளாகச் சிறுபான்மையினர் கல்விக்கு நிதி வழங்கியது. 2024-இல் அதை மூடுமாறு ஆணை பிறந்தது. ஓர் ஆணையால் வருவது ஓர் ஆணையால் நிற்கவும் கூடும். மாதந்தோறும் கொடுக்கும் பழக்கமோ, நாமாக விட்டாலன்றி நிற்பதில்லை.

சகோதரர்களே! 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இப்பகுதிச் சகோதரிகளின் தேவை இனி அம்மாவட்டத்தின் கணக்கிலேயே சேரும். ஒவ்வொரு மஹல்லாவும் தன் விதவைகளின் பட்டியலைத் தயாரித்து, மாதச் சந்தாவில் ஒரு பகுதியை அவர்களுக்கென ஒதுக்கி, வரவு செலவை ஆண்டுதோறும் ஜமாஅத்தார் முன் வாசித்தல் வேண்டும். கணக்கு நேராக இருக்கும் இடத்திலேயே அமானிதம் நிலைக்கும்.

ஆதரவற்றோரின் கண்ணீரைத் துடைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.