திரும்பி வந்த ஆண்டு ஒன்று

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை பிள்ளைகளிடம், வீட்டுக் கிணறு எந்த ஆண்டு வெட்டியது என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். ஆண்டை எழுதியவர்கள் குறைவு. “மீள்குடியேறி ரெண்டாம் வருசம்” என்றுதான் பலரும் எழுதியிருந்தார்கள். “பிழையா சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. பிழையில்லை. ஒரு பேரரசே இப்படித்தான் ஆண்டை எண்ணியது.

செலூக்கஸ் என்ற பெயரைச் சந்திரகுப்த மௌரியரோடு சேர்த்துக் கேட்டிருப்பீர்கள். சிந்து நதிப் பக்கத்து நாடுகளை விட்டுக்கொடுத்து 500 யானைகளை வாங்கியவர். (எங்கட பக்கம் ஒரு யானை தோட்டத்துக்குள் வந்தாலே இரவு முழுக்க நித்திரை இல்லை!) நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய கதை.

கி.மு. 323இல் அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்தார். தளபதிகள் நாட்டைப் பங்குபோட்டபோது பாபிலோன் செலூக்கஸுக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளில் அன்ரிகோனஸ் என்ற பலமான தளபதி வந்து வரி வருமானத்துக்குக் கணக்குக் காட்டு என்றார். என் சேவைக்காகத் தந்த நாட்டுக்கு உனக்கேன் கணக்கு என்று செலூக்கஸ் மறுத்தார். ஆனால் நின்று சண்டைபிடிக்கப் பலம் இல்லை. 50 குதிரைவீரர்களோடு எகிப்துக்குத் தப்பியோடி, அங்கே ஆண்ட தொலமியிடம் அடைக்கலம் புகுந்தார்.

கி.மு. 312இல் காசாவில் ஒரு போர். ஆம், அதே காசாதான். அதில் தொலமியும் செலூக்கஸும் அன்ரிகோனஸின் மகனைத் தோற்கடித்தார்கள். உடனே செலூக்கஸ் ஏறக்குறைய 800 காலாட்களும் 200 குதிரைவீரர்களும் மட்டும் கூட்டிக்கொண்டு பாபிலோனுக்குப் புறப்பட்டார். கூட வந்தவர்களே பயந்தார்கள். ஆனால் அவர் முன்பு ஆண்டபோது நடந்துகொண்ட விதத்தைச் சனம் மறக்கவில்லை. வழியிலேயே வந்து சேர்ந்துகொண்டார்கள் என்று டியோடோரஸ் எழுதுகிறார்.

அந்தத் திரும்பி வருதல்தான் ஆண்டு ஒன்று. மசிடோனியர் கி.மு. 312இலிருந்தும் பாபிலோனியர் 311இலிருந்தும் எண்ணினார்கள். அதுவரை அரசன் செத்தால் கணக்கும் முடியும், அடுத்தவருக்குத் திரும்பவும் ஒன்று. எங்கள் சோழர் கல்வெட்டுகளிலும் அரசனுடைய ஆட்சி ஆண்டுதானே இருக்கிறது? செலூக்கஸின் மகன் அன்ரியோக்கஸ் புதிதாகத் தொடங்கவில்லை, தகப்பனின் எண்ணையே தொடர்ந்தார். பிறகு சிரியாக் கிறிஸ்தவர்களும் யெமன் யூதர்களும் நூற்றாண்டுக்கணக்காக அதையே பாவித்தார்கள். அரபு வானியலாளர்களும் பாவித்தார்கள், ஆனால் அலெக்சாண்டரின் பெயரில். ஓடிப்போய்த் திரும்பியவர் செலூக்கஸ், பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் அலெக்சாண்டர்!

இதைப் பெரிய வெற்றிக் கதையாக மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் திரும்பி வந்ததும் அன்ரிகோனஸின் படை மறுபடி வந்தது. பாபிலோன் மக்களே ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஊரும் வயலும் கொள்ளைபோனதை அந்தக் காலத்துக் களிமண் பலகைகள் சொல்கின்றன. இரண்டு பேருடைய சண்டை, இடம்பெயர்ந்தது சனம். 2008ஐயும் 2009ஐயும் கண்ட உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. உமர் (ரழி) காலத்தில் முஸ்லிம்களுக்கு ஆண்டுக்கணக்கு வகுத்தபோது மக்காவை விட்டுப் போன ஹிஜ்ரத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கினார்கள். செலூக்கஸின் கணக்கு திரும்பி வந்ததிலிருந்து, இது வெளிக்கிட்டதிலிருந்து. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது நான் கைக்குழந்தை. புத்தளத்தில்தான் வளர்ந்தேன். உம்மா இன்றைக்கும் “தொண்ணூறுக்கு முந்தி, பிந்தி” என்றுதான் சொல்கிறார். நான் மாங்குளத்துக்குப் படிப்பிக்க வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை.

செலூக்கஸ் கி.மு. 281இல், ஏறக்குறைய 77 வயதில், பிறந்த நாடான மசிடோனியாவை நோக்கிப் போகும்போது கொல்லப்பட்டார். இளவயதில் அலெக்சாண்டரோடு புறப்பட்டவர், அந்த மண்ணைத் திரும்பக் காணவேயில்லை.

கொப்பிகளில் சரி போட்டுவிட்டு, வீட்டில் கேட்டு ஆண்டையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன். ஒரு வீட்டில் 2011ஆ 2012ஆ என்று அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் இன்னும் தர்க்கமாம். உங்கள் கிணறு எந்த ஆண்டு? கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.